வாழை நலமாக இருக்கிறது

ஃப்ரானெக்கர்
நெதர்லாந்து, 14 அக்டோபர் 1984

அன்புள்ள ஹில்கே,

நான் நலம். நீயும் ட்ரெவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பென்சான்ஸின் ஈரக் காற்றில் உன் விரல் மூட்டுகள் வீங்கியிருக்கும். கையுறை இல்லாமல் மண்ணில் கை வைக்காதே.

யெல்மருக்கு விபத்து நேர்ந்ததென்று முன்பு எழுதியிருந்தேன். உடலில் காயம் எதுவும் இல்லை. இப்போது அவன் ஊருக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் இருக்கிறான். அங்கே ஜன்னல்கள் ஒரு சாண் அளவுக்கு மேல் திறப்பதில்லை. பொறுப்பில் இருப்பவர் ஓர் இளம் மருத்துவர். தம்மை மரைக்கே என்று பெயர் சொல்லி அழைக்கும்படி பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறார். நான் டாக்டர் என்றே அழைக்கிறேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. நீ ஜூன் மாதம் அனுப்பிய ஜப்பான் வாழைக்கன்றை அவன் பின்தோட்டத்தில், வெயில் படும் சுவரை ஒட்டி நட்டிருந்தான். அது என் தோளுயரம் வளர்ந்துவிட்டது. மருத்துவமனையில் சேர்த்த நாளிலிருந்து யாரிடமும் வாய் திறக்காதவன் போன ஞாயிறு என்னிடம் பேசினான்.

"வாழைய மூடிட்டீங்களாப்பா?"

"இன்னும் இல்ல. குளிர் வரட்டும்."

"அது இந்தக் குளிரத் தாண்டிட்டா நான் வீட்டுக்கு வரேன். தாண்டலன்னா அப்புறம் என்னை எதுவும் கேக்காதீங்க."

மருத்துவர் இதை நல்ல அறிகுறி என்றார். வாழை வளரக் கூடாத ஒரு நாட்டில், வாழையின் மீது என் மகன் தன் உயிரைப் பந்தயம் கட்டியிருக்கிறான். அது நல்ல அறிகுறியாம். "நீங்க கோபமா இருக்கீங்க" என்றார் அவர். நான் கோபமாக இல்லை, துல்லியமாக இருக்கிறேன் என்று விளக்கினேன்.

எனக்குச் செடிகள் தெரியாது. வெப்பம் தெரியும், பள்ளியில் அதைத்தான் இத்தனை வருடங்களாக நடத்திவருகிறேன். அந்த வாழை ஏப்ரல் வரை உயிரோடு இருக்க என்ன செய்ய வேண்டும் என்று எழுது. தொலைபேசியில் அழைக்காதே. அந்தக் கருவியைக் கையில் எடுத்தால் எனக்கு நாக்கு எழாது என்பது உனக்குத் தெரியும்.

உன் ஆரோக்கியத்தை விரும்பும்,
வீபே

பென்சான்ஸ்
இங்கிலாந்து, 25 அக்டோபர் 1984

அன்புள்ள அண்ணா,

என் விரல்கள் இருக்கட்டும். நீ தூங்குகிறாயா? சமைத்துச் சாப்பிடுகிறாயா, அல்லது நின்றுகொண்டே ரொட்டியும் பாலாடைக்கட்டியுமா? அண்ணி இறந்துபோனபோது ஒரு வருடம் அப்படித்தான் இருந்தாய். அப்போது யெல்மருக்குப் பன்னிரண்டு வயது. அவனும் உன்னோடு நின்றுகொண்டே சாப்பிட்டான்.

நீ இரண்டாவது முறையும் விபத்து என்று எழுதியிருக்கிறாய். காலணிகளைக் கழற்றி, பாலத்தடியில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுக் கால்வாயில் இறங்கியவனுக்கு நேர்ந்தது விபத்தா? உன் பக்கத்து வீட்டு ஓபேதான் அவனை வெளியே இழுத்தார் என்று அவர் மனைவி எனக்கு எழுதினாள். உன்னிடமிருந்து நான் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

சரி, வாழை. முதல் உறைபனி இலைகளைக் கருக்கும் வரை பொறு. பிறகு இலைகளை வெட்டிவிட்டுத் தண்டை மட்டும் வை. சுற்றிலும் கோழிவலையைக் கூண்டுபோல் நிறுத்தி, உள்ளே காய்ந்த வைக்கோலை அடைத்துவிடு. மழை இறங்காமல் மேலே ஒரு பலகை. அவ்வளவுதான். பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம் அண்ணா. அதற்குக் காற்று வேண்டும். இங்கே நாங்கள் மூடுவதே இல்லை. உங்கள் ஊர்க் குளிருக்கு வைக்கோல்தான்.

நான் வரட்டுமா? நவம்பரில் எங்கள் பூப்பண்ணையில் வேலை குறைவு. ட்ரெவர் சமாளித்துக்கொள்வார்.

இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டே இருக்கும்,
ஹில்கே

ஃப்ரானெக்கர்
11 நவம்பர் 1984

அன்புள்ள ஹில்கே,

இங்கே நலம். ட்ரெவரின் இருமல் நின்றுவிட்டதா?

யெல்மர் ஒரு தோட்டத்துக்குத் திட்டம் வரைந்திருக்கிறான், மருத்துவமனையின் சாப்பாட்டுச் சீட்டின் பின்புறத்தில். நம் ஊரில் தோட்டம் என்றால் ஒரு துண்டுப் புல்வெளி, ஒரு ஹைட்ரேஞ்சியா, மற்றதெல்லாம் மழை. அவன் அதை முழுவதும் பெயர்த்தெறியப் போகிறான். சுவரோரம் வாழை. அதன் இருபுறமும் சிவப்பு இலைக் கல்வாழை. அதற்கு முன்னால் கரிய இலைச் சேம்பு, மணக்கும் இஞ்சிப்பூச் செடிகள், கண் கூசும் ஆரஞ்சிலும் கத்தரிப்பூ நிறத்திலும் டேலியா. பாதை ஓரமெல்லாம் பலநிற இலைக் கோலியஸ். குளிர்காலம் முழுவதும் எது எங்கே இருக்கும், எது தோண்டி எடுக்கப்படும், எது நிலத்திலேயே தூங்கும் என்று அம்புக்குறி போட்டிருக்கிறான். அவன் உருவாக்கிய ஒன்றை நான் இவ்வளவு கவனமாகப் படித்தது இதுதான் முதல் தடவை.

அதில் ஆமணக்கும், தலைகீழாகத் தொங்கும் ஊமத்தையும் இருந்தன. இரண்டையும் நான் கோடிட்டு அடித்தேன்.

"ஆமணக்க ஏன்பா அடிச்சிட்டீங்க? அந்தச் செவப்பு இலை எவ்ளோ அழகு தெரியுமா?"

"ரொம்ப உயரமாயிடும்."

"வாழ அதவிட உயரம்."

"சுவருக்கு ஆகாது."

"ரெண்டும் விஷம்னு எனக்கும் தெரியும்பா" என்றான். "பொய் சொல்ல உங்களுக்கு வரவே வராது. விட்டுடுங்க, உயரம்னே வெச்சுக்குவோம்."

பிறகு சிரித்தான், ஹில்கே. நான் எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். அந்த ஜன்னல் திறக்காது என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

உறைபனி கடந்த வாரம் இறங்கியது. கோடையில் அவன் ஏற்கெனவே நட்டுவைத்திருந்த கல்வாழையும் டேலியாவும் ஒரே நாளில் கரிந்தன. கிழங்குகளைத் தோண்டி, உலர்த்தி, மணலில் புதைத்து மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வாழையைப் பொறுத்தவரை உன் வைக்கோல் யோசனையை நான் ஏற்கவில்லை. வைக்கோல் எலிகளுக்கு இலவச விடுதி. அதன் வெப்பக் காப்பும் சீராக இருக்காது. மூன்று அடுக்குத் தடித்த பிளாஸ்டிக், அடுக்குகளுக்கிடையே அசையாத காற்று, ஓரங்களில் ஒட்டுநாடா. வெப்ப இழப்பைக் கணக்கிட்டுப் பார்த்தேன். மிகக் கடுமையான குளிருக்கும் போதும்.

நீ வர வேண்டாம். பார்வையாளர் நேரம் குறைவு.

வீபே

பென்சான்ஸ்
2 டிசம்பர் 1984

அன்புள்ள அண்ணா,

ட்ரெவர் இருமுகிறார், ஆனால் பீடு குறையாமல் இருமுகிறார். அதைக் கேட்டதற்கு நன்றி.

நீ போட்ட கணக்கு சரியாகத்தான் இருக்கும். நீ தப்பாகக் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் வெட்டிய வாழைத்தண்டு தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் உன் மூன்று அடுக்குக்குள் எங்கே போகும்? தயவுசெய்து பிரித்துவிட்டு வைக்கோல் போடு. எலி வந்தால் பூனை வாங்கு.

"பார்வையாளர் நேரம் குறைவு" என்பது ஒரு பதிலா? நான் வந்தால் அவனிடம் என்ன பேசிவிடுவேன் என்று பயப்படுகிறாய்? நீ பேசாததை எல்லாமா?

சர்க்கரை ரொட்டி ஒன்று அனுப்புகிறேன். பாதியை அவனுக்குக் கொண்டுபோய்க் கொடு. உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

உன் பதிலுக்காகத் தினமும் கதவுப் பக்கம் பார்க்கும்,
ஹில்கே

ஃப்ரானெக்கர்
9 ஜனவரி 1985

அன்புள்ள ஹில்கே,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உடல்நிலையில் குறையில்லை. ரொட்டி வந்தது. பாதி அவனிடம் போனது.

வெப்பமானி மைனஸ் பதினெட்டைத் தொட்டுவிட்டது. இந்த மாகாணத்தில் என்னைத் தவிர அனைவரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். கால்வாய்கள் கல்லாகிவிட்டன. பள்ளிக்குப் பனிச்சறுக்கு விடுமுறை. ஓபே தினமும் காலையில் வேலிக்கு மேல் தலையை நீட்டுகிறார்.

"வாத்தியாரே! இன்னும் பத்து நாள் இப்பிடியே அடிச்சா பதினோரு ஊர்ச் சறுக்குப் பந்தயம் நடக்கும் பாருங்க. எத்தன வருஷக் கனவு!"

"உருகணும். இன்னைக்கே உருகணும்."

"என்ன சொன்னீங்க?"

"இந்தப் பனி ஒழியணும்னு சொன்னேன், ஓபே."

தேவாலயத்தில் நான் துப்பிவிட்டதைப் போலப் பார்த்தார். "காய்ச்சலா உங்களுக்கு? எங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லிப் பட்டாணிக் கஞ்சி அனுப்பவா?"

அந்தக் கஞ்சிக்கு இப்போது பாலத்தடியில் கடையே போட்டிருக்கிறார்கள், அந்தக் காலணிகள் இருந்த இடத்தில். என் மாணவர்கள் எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே, அவன் இறங்கிய இடத்தின் மேல் சறுக்கிப் போகிறார்கள். உறைந்திருக்கும்வரை அந்தக் கால்வாயில் எவரும் மூழ்க முடியாது. ஆகவே எனக்கு இரண்டு விருப்பங்கள்: கால்வாய் உறைந்தே இருக்க வேண்டும், அதிலிருந்து இருபது அடி தள்ளி இருக்கும் என் தோட்டம் உறையவே கூடாது. நான் படித்த இயற்பியலில் இதற்கு விடை இல்லை.

நான்காம் தேதி அவன் பிறந்தநாள். தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையிலும் தொங்கும் பிறந்தநாள் நாட்காட்டியில் அவன் பெயர் இருக்கிறது. காலையில் அங்கே உட்கார்ந்த ஒவ்வொருவரும் அதைப் படித்திருப்பார்கள். மற்ற வருடங்களில் வரிசையாக வந்து, மகனுக்காக என் கையைக் குலுக்கி என்னை வாழ்த்துவார்கள். கேக் வாங்கி, கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. வாழ்த்துவதா துக்கம் கேட்பதா என்று அவர்களால் முடிவு செய்ய இயலவில்லை போலும். உன் அட்டை மட்டும் வந்தது: "மகனுக்காக உனக்கு வாழ்த்துகள்." அந்த அட்டை என் மேசையில் இருக்கிறது.

வாழையின் உறையைத் தினமும் வெளியிலிருந்து தொட்டுப் பார்க்கிறேன். பிரிக்கவில்லை. பிரித்தால் வெப்பம் போய்விடும்.

வீபே

மருத்துவமனை
3 மார்ச் 1985

அன்புள்ள அப்பா,

நலமா? உங்கள் இருமலை மரைக்கேகூடக் கவனித்திருக்கிறார். சால்வையைப் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நில்லுங்கள்.

பந்தயத்தை இங்கே எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாத ஒரு பாட்டி எழுந்து நின்று "போடா, போடா!" என்று கத்தினாள். எனக்கு அப்போது வாழைதான் நினைவுக்கு வந்தது. அவ்வளவு குளிர்.

ஏப்ரல் கடைசியில், அரசியார் தின விடுமுறையை ஒட்டி எனக்குச் சில நாள் விடுப்புத் தருகிறார்கள். வருவதா என்று என்னைத்தான் முடிவு செய்யச் சொல்கிறார்கள். நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இங்கே காலையில் எழுவதற்கு எனக்கு அந்த ஒரு கேள்விதான் இருக்கிறது. இரவில் படுக்கும்போதும் அதுதான்.

அது எப்படி இருக்கிறது? உண்மையை எழுதுங்கள்.

யெல்மர்

ஃப்ரானெக்கர்
12 மார்ச் 1985

அன்புள்ள யெல்மர்,

இருமல் குறைந்துவிட்டது. உன் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்.

வாழை நலமாக இருக்கிறது.

அப்பா

ஃப்ரானெக்கர்
12 மார்ச் 1985

அன்புள்ள ஹில்கே,

நலம் விசாரிக்க இந்தக் கடிதத்தில் இடமில்லை. மன்னித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை உறையைப் பிரித்தேன். நாற்றம்தான் முதலில் வந்தது. தண்டில் கை வைத்தேன், ஊறிய காகிதத்தைப் போல விரல்கள் உள்ளே போயின. நுனியிலிருந்து அடிவரை பழுப்புக் கூழ். கிழங்காவது பிழைத்திருக்குமோ என்று தோண்டினேன். அதுவும் கையோடு பிய்ந்து வந்தது. என் கணக்கில் பிழையில்லை. அந்த உறைக்குள் வெப்பம் நான் எதிர்பார்த்தபடியேதான் நின்றிருக்கிறது. உட்புறம் முழுவதும் சொட்டுச் சொட்டாக நீர். வெப்பத்தைக் கணக்கிட்டேன், தண்ணீரைக் கணக்கிடவில்லை. என் வாழ்க்கையில் இந்தத் தவற்றை நான் செய்வது இது இரண்டாவது முறை.

எல்லாவற்றையும் அள்ளி எருக்குழியில் போட்டு, முட்டைக்கோஸ் இலைகளால் மூடினேன்.

அவன் கேட்டு எழுதிய கடிதம் மேசையில் இருந்தது. நலமாக இருக்கிறது என்று பதில் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். ஆகவே அது நலமாக இருந்தாக வேண்டும்.

எனக்கு ஒரு வாழை அனுப்பு. அதே இனம். என் தோளுயரம். ஏப்ரல் இருபதுக்குள். எனக்கு அறிவுரை வேண்டாம், ஹில்கே. வைக்கோலைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். உண்மையைச் சொல்லிவிடு என்று எழுதாதே. உண்மையைச் சொன்னால் அவன் என்ன செய்வான் என்று அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான். என் மகன் தன் சொல்லைக் காப்பாற்றுபவன். அப்படித்தான் நான் அவனை வளர்த்தேன்.

வீபே

ஃப்ரானெக்கர்
3 ஏப்ரல் 1985

ஹில்கே,

மூன்று வாரங்கள் ஆகின்றன. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் ட்ரெவர் எழுதியிருப்பார்.

என்னைத் தண்டிக்க விரும்பினால் அதற்கு வாழ்நாள் முழுவதும் உனக்கு அவகாசம் இருக்கிறது. முதலில் வாழையை அனுப்பு, பிறகு தண்டித்துக்கொள். லீவார்டனில் மூன்று நாற்றுப் பண்ணைகளில் கேட்டேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் பிளாஸ்டிக் வாழை இருக்கிறது, வரவேற்பறைக்கு நன்றாயிருக்கும் என்றார். அவரிடம் விலை கேட்டேன் என்பதைப் பதிவு செய்கிறேன். நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

தினமும் தோட்டத்தில் அந்தக் குழியின் முன் நிற்கிறேன். நடைபாதைக் கற்களைப் பெயர்த்து, அவன் வரைந்த வளைவுப்படி பாதையை மாற்றிவிட்டேன். கல்வாழைக் கிழங்குகளைத் தொட்டிகளில் வைத்துச் சமையலறை ஜன்னலில் அடுக்கியிருக்கிறேன்; முளை வந்துவிட்டது. எல்லாம் இருக்கின்றன. அது மட்டும் இல்லை.

கெஞ்ச எனக்குத் தெரியாது. இதைக் கெஞ்சலாகவே படித்துக்கொள்.

வீபே

பென்சான்ஸ்
8 ஏப்ரல் 1985

அன்புள்ள அண்ணா,

நலமாகத்தான் இருக்கிறேன். இல்லை, நலமாக இல்லை. உனக்கு மூன்று கடிதங்கள் எழுதி அடுப்பில் போட்டேன். முதலாவதில் உண்மையைச் சொல் என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில், பொய் வெளிப்பட்டால் அவனுக்கு உலகத்தில் நம்ப யார் இருப்பார்கள் என்று கேட்டிருந்தேன். மூன்றாவதில் வெறும் வசவு. அதில் வைக்கோலும் இருந்தது.

எது சரியென்று எனக்குத் தெரியவில்லை அண்ணா. கன்றை மறுத்துவிட்டு, பிறகு ஏதாவது நடந்தால்? கன்றை அனுப்பி, அதனாலேயே ஏதாவது நடந்தால்? ட்ரெவர் சொன்னார்: "உங்கண்ணன் ஆயுசுல ஒரே ஒரு தடவ உதவி கேட்டிருக்கார். குடுத்துட்டு அப்புறம் அழு."

கண்ணாடி வீட்டில் இருந்ததிலேயே நல்லதாக ஒன்றை எடுத்திருக்கிறோம். நாற்றுகளை இறக்கிவிட்டு உங்கள் பக்கம் காலியாகத் திரும்பும் லாரி ஒன்றில் வருகிறது. பதினெட்டாம் தேதி லீவார்டன் சந்தைத் திடலில் நின்று வாங்கிக்கொள். ஐந்து இலைகள், ஒரு கிழிசல் இல்லை. காற்றில் வைக்காதே.

நான் இனி எதையும் கேட்கப் போவதில்லை. நீயே எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

ஹில்கே

ஃப்ரானெக்கர்
1 மே 1985

அன்புள்ள ஹில்கே,

நீயும் ட்ரெவரும் நலமாக இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும். இதை நான் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

அவன் வந்தான். நான்கு இரவுகள் தன் அறையில் தூங்கினான். நேற்று மாலை நானே பேருந்தில் கொண்டுபோய் விட்டேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நேராகத் தோட்டத்துக்குப் போனான். நான் அவனுக்கு முன்பாகவே அங்கே போய் நின்றிருந்தேன். அவன் வாழையின் முன் நின்றான். ஓர் இலையை எடுத்து இரண்டு விரல்களுக்கிடையில் தடவினான். குனிந்து அடி மண்ணைத் தொட்டான்.

"நல்லா வெச்சிருக்கீங்கப்பா."

"கணக்குப் போட்டுத்தான் மூடினேன்."

"தெரியுது."

அந்த நேரம் பார்த்து ஓபே வேலிக்கு மேல் தலையை நீட்டினார். "அடேயப்பா, யெல்மர்! வா வா! வாத்தியாரே, இது எப்போ மொளச்சுது? போன வாரம் இங்க வெறும் மண்ணால்ல கெடந்துது?"

"உங்க கண்ணாடியத் தொடைங்க, ஓபே" என்றேன்.

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு, நான் என்ன..."

"ஓபே மாமா, உங்க கண்ணு பந்தயத்தோட போயிடுச்சு" என்று யெல்மர் சொன்னான். "பனியவே பாத்துப் பாத்து எல்லாம் வெள்ளையாத் தெரியுது." ஓபே சிரித்துவிட்டு உள்ளே போனார். அவன் எதையும் கவனிக்கவில்லை, ஹில்கே. நம்பிவிட்டான். நான் அவனிடம் பொய் சொன்னேன், அது நின்றது.

மறுநாள் எருக்குழிப் பக்கம் சிறிது நேரம் நின்றான். சமையலறையிலிருந்து பார்த்தேன். காப்பி ஆறுகிறது என்று கூப்பிட்டேன். வந்துவிட்டான்.

இந்த ஆண்டு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டேன். இன்னும் தடித்த பிளாஸ்டிக், நான்கு அடுக்கு. தண்ணீர் வெளியேற அடியில் ஒரு குழாய். கணக்கு முடிந்துவிட்டது.

உனக்குக் கடன்பட்ட,
வீபே

மருத்துவமனை
5 மே 1985

அன்புள்ள ஹில்கே அத்தை,

நலமா? விரல் வீக்கம் எப்படி இருக்கிறது? ட்ரெவர் மாமாவுக்கு என் அன்பு.

கன்றுக்கு நன்றி. உங்களுடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்க் குளிரைத் தாண்டிய வாழை ஏப்ரலில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: தலை போன ஒரு மொட்டைக் கட்டை, அதிர்ஷ்டம் இருந்தால் நடுவில் ஒரு பச்சைச் சுருள். இதில் ஐந்து முழு இலைகள், ஒரு கிழிசல் இல்லாமல். அடியில் கரிய நாற்றுப் பண்ணை மண்; எங்கள் மண் சாம்பல் நிறக் களி. அதன் பக்கத்தில் அப்பா கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு, அருங்காட்சியகக் காவலாளி மாதிரி விறைப்பாக நின்றார். அவர் நகத்தில் அதே கரிய மண். தேர்வுத் தாளில் அரை மதிப்பெண் கூட்டிப் போட மறுத்து ஊரையே பகைத்துக்கொண்டவர், அத்தை.

மறுநாள் எருக்குழியில் பழையதைக் கண்டுபிடித்தேன். முட்டைக்கோஸ் இலைகளை விலக்கிப் பார்த்தேன். கிழங்கு வரை செத்திருந்தது. துளி உயிர் இருக்குமா என்று கீறிப் பார்த்தேன். இல்லை.

உங்களிடம் ஒளிக்கவில்லை. நான் சொன்ன சொல் எனக்கு நினைவிருந்தது. அங்கேயே நின்றேன். கால்வாய் அந்தப் பக்கம்தான், வேலியைத் தாண்டினால் போதும். பனியெல்லாம் உருகி, தண்ணீர் அசையாமல் இருந்தது. அப்போது அப்பா கூப்பிட்டார்: "காப்பி ஆறுது." உள்ளே போனேன். எங்கள் வீட்டில் காப்பிக்கு ஒரு பிஸ்கட்தான், உங்களுக்கும் தெரியும். என் தட்டில் டப்பாவையே கவிழ்த்திருந்தார். நான் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து, அத்தை.

எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லாதீர்கள். பலித்ததாக அவர் நினைக்கும் ஒரே பொய் அதுதான். அது பலிக்கவில்லை என்று தெரிந்தால் தாங்க மாட்டார்.

நான் தேறிவிட்டதாக நினைக்காதீர்கள். காலையில் எழுவது இன்னும் கிணற்றிலிருந்து ஏறுவது போலத்தான் இருக்கிறது. ஆனால் மாடிப்படிக்கு அடியில் ஒரு புதிய பிளாஸ்டிக் சுருளைப் பார்த்தேன், முன்னதைவிடத் தடிப்பு. மேலே அவர் கையெழுத்தில் கணக்கு. குழாய் வேறு வைக்கப் போகிறாராம். நவம்பரில் இதையும் அவித்துக் கொன்றுவிடுவார். அவர் யார் பேச்சையும் கேட்க மாட்டார். யாராவது பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துத் தடுத்தால்தான் உண்டு.

அடுத்த மாதம் வீட்டுக்குப் போகிறேன் என்று மரைக்கேயிடம் சொல்லிவிட்டேன். நவம்பர் வரைக்கும் என்று மனதில் வைத்திருக்கிறேன். அதற்கு அப்பால் என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஓபே மாமாவிடம் வைக்கோலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

யெல்மர்